சட்டையை உட்கார வைத்து எடுத்த படம்

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. அக்கா, உன் முழங்கால் வலி தேவலையா? நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். ஸ்டூடியோவில் நான் விளக்குப் பிடித்தால்தான் மாப்பிள்ளை முகத்தில் களையே வருகிறது. முதலாளியே என்னைக் கேட்டுத்தான் மூச்சு விடுகிறார்.

இப்போது என் கேமராவுக்குப் புது லென்ஸ் ஒன்று வாங்கலாமா என்று யோசனை. ஒரே ஒரு இடத்தைப் பளிச்சென்று காட்டி, சுற்றியுள்ளதையெல்லாம் புகையாக்கிவிடும். உலகத்திலேயே நாலு பேருக்குத்தான் அதைத் திருப்பத் தெரியும். அதில் நான் ஒருத்தன். கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "லீவு நாள்ல எடுத்துட்டுப் போங்கண்ணே. வேண்டியவங்க யாரையாவது உக்கார வச்சு எடுங்க. பிடிச்சா வாங்குங்க" என்றார்.

ஒருத்தரைக் கூப்பிட்டால் ஊரே வரிசையில் வந்து நிற்கும் என்று யாரையும் கூப்பிடவில்லை. என் நீலச் சட்டையை ஜன்னலோரம் நாற்காலியில் மாட்டி எடுத்தேன். மறுநாள் கடைக்காரர் படங்களைப் பார்த்துவிட்டு, "சட்டை ஜோரா இருக்கு. ஆள் எங்கண்ணே?" என்றார்.

"டீ குடிக்கப் போயிருக்கார்" என்றேன். ரொம்ப நேரம் சிரித்தோம்.

லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது மாமாவின் தரத்துக்கு இல்லையாம் என்று பிள்ளைகளிடம் சொல். ஊருக்கு வரும்போது அதையே வாங்கி வருகிறேன். நீ அசையாமல் உட்கார வேண்டும்.

நீலப் பொத்தான் இரண்டு அனுப்பு. நெஞ்சுப் பக்கம் ஒன்று இல்லாதது அந்தப் படத்தில்தான் பளிச்சென்று தெரிந்தது. எத்தனை நாளாக அப்படியே போய்வந்தேனோ, இங்கே ஒருத்தரும் சொல்லவில்லை.

முதலாளி கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

உன் தம்பி