ரேடியேட்டரில் போட்ட கறித்தூள்

தவபாலன்,

ரேடியேட்டர் ஒழுக்கு நிற்கவில்லை. மஞ்சள்தூள் போட்டால் அடைபடும் என்று சொன்னவன், உன்னைக் கறித்தூளைப் போடச் சொன்னானா? வாசலில் கார் குழம்பாகக் கொதிக்கிறது. "அச்சா பாய், இறைச்சி எப்ப போடுவாய்?" என்று கீழ்வீட்டுப் பாகிஸ்தான்காரன் சிரிக்கிறான். தொழிற்பேட்டை கராஜுக்கு அவன்தான் பிக்கப்பில் கயிறு கட்டி இழுத்து வருகிறான்; நானும் கூடப் போகிறேன்.

சோறு பானையில் இருக்கிறது. கறி வேண்டுமென்றால் காரிடம் கேள்.

உன் அக்கா சாகுமுன் வறுத்து இடித்த கடைசித் தூள் அது. நானே கறிக்குத் தொடாமல் வைத்திருந்தேன். நீ மச்சான் என்பதால் இன்னும் இந்த வீட்டில் இருக்கிறாய்.

சாவி வழக்கமான இடத்தில்.

பி.கு: தூள் போத்தலைக் கழுவிவிடாதே. அடியில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. மூடியை இறுக்கி மூடு.