மூடிய கிணற்றின் அழுத்தம்

1959 மார்ச் 4, புதன்

பள்ளியில் மடக்கை நடத்தினேன். மாலை ஜானகிராமனின் கடிதம். இத்தாலியில் ஆழக் கிணறு துளைத்துப் பூமிக்கடியிலிருந்து நீராவி எடுக்கும் கம்பெனியில் அவருடைய கணக்கு எல்லாருக்கும் பிடித்துவிட்டதாம். அவருடைய கணக்கு! இரண்டு வருடம் ஞாயிறுதோறும் சாரம் ஊரில் அவர் வீட்டுக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் போட்டது. ஆழத்துக் கொதிநீர் குழாயில் ஏற ஏற எவ்வளவு ஆவியாகும், மேலே என்ன அழுத்தத்தில் வரும் — அவர் கேள்வி, என் பென்சில். போகட்டும். ஆவணியில் எங்கள் கல்யாணம்.

ஜூன் 19

"நான் இங்கேயே தங்கிவிடுகிறேன். நீ உன் வழியைப் பார்த்துக்கொள், கிளி." ஜானகிராமன் கடிதம், இரண்டே வரி. கிளி என்று எதற்கு எழுத வேண்டும்?

ஜூன் 20

பள்ளிக்குப் போகவில்லை.

செப்டம்பர் 11

பிள்ளைகளுக்குக் காட்ட, நீளக் கண்ணாடிக் குழாயில் நீர் நிரப்பி, அடியில் காற்றைச் செலுத்திவிட்டு மேல்வாயை மூடினேன். குமிழிகள் ஏறி உச்சியில் சேரச் சேர அழுத்தமானி ஏறிக்கொண்டே போனது. கிணற்றை மூடினால் நீராவியும் இப்படித்தான் பிரிந்து உச்சிக்கு வரும். நீரும் ஆவியும் கலந்தே நிற்கும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். தப்பு. என் தப்பும்தான். மூடிக்கு நாங்கள் சொன்ன அளவுக்கு ஒன்றரை மடங்கு அழுத்தம் வரும். பக்கத்தில் ஆட்கள் நிற்பார்களே.

செப்டம்பர் 13

எழுதினால் கெஞ்சுவதாக நினைப்பாரோ? நினைக்கட்டும். ஆறு பக்கம், வெறும் கணக்கு. விமானத் தபாலில் போட்டேன்.

அக்டோபர் 17

கடிதம் திரும்பி வந்துவிட்டது. பிரிக்கவே இல்லை. வேண்டாமென்று உறைமேல் அவர் கையாலேயே எழுதியிருக்கிறார்.

என்னன்னு நெனச்ச? அழுதிருப்பேன்னா? கணக்குய்யா அது — வெறும் கணக்கு!

மதியமே அதே கணக்கைக் கம்பெனி பெயருக்கு, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் எழுதி அனுப்பினேன்.

அக்டோபர் 23

அவர் அம்மாவான சின்னப்பாப்பா அத்தைக்குக் கம்பெனியிலிருந்து தந்தி. புதுக் கிணற்றை மூடியபோது மூடி பிய்த்துக்கொண்டதாம். கொதிநீர். ஜானகிராமன் உயிரோடு இல்லை.

நவம்பர் 6

கம்பெனியின் பதில். என் கணக்கு சரியாம். மற்றக் கிணறுகளில் மூடிகளை மாற்றுகிறார்களாம். என் கடிதம் விபத்துக்குப் பின் மூன்றாம் நாள்தான் கிடைத்ததாம்.

நவம்பர் 8, ஞாயிறு

சாரம் போனேன். அத்தை என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். கம்பெனிக் கடிதத்தைத் தமிழில் சொன்னேன்.

"ஆபத்துன்னு உனக்கு முன்னாடியே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அத்தை."

"அவனுக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருக்கக் கூடாதாம்மா?"

மகன் பிரிக்காமல் திருப்பி அனுப்பினான் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

"லேட்டாப் போட்டுட்டேன் அத்தை."

பிடித்திருந்த கையை அத்தை விட்டுவிட்டார்.