துடைத்த கை

இப்போது நான் இருக்கும் சத்துவாச்சாரியில் எதிர்வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். டிரம்மில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் எழுந்த வாடை இன்று காலை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டேன். ஆம்பூரில் நீ என் பக்கத்தில் வந்து உட்காரும்போதெல்லாம் இதே வாடைதான், தோஸ்த். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாதது.

தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இழுத்துப்போடுவது உன் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நெட் சென்டரில் நாம் சேர்ந்து செய்தது வேறு. கம்ப்யூட்டருக்குள் ஓர் உலகம். அதில் ஓர் உருவம் எடுத்து நடக்கலாம், வீடு கட்டலாம். எங்கெங்கோ இருந்த பலர் சேர்ந்து எழுதிய மென்பொருள் அது. யாரும் இலவசமாக எடுத்துத் திருத்தலாம். நான் நிரல் எழுதினேன். நீ தமிழில் கையேடு எழுதினாய். பிளஸ் டூவோடு நிறுத்தப்பட்ட உன்னைப்போலத் தெளிவாக எழுத என்னோடு படித்த எந்த இன்ஜினியருக்கும் வரவில்லை. ஒவ்வொரு படியையும் நீயே செய்துபார்த்த பிறகுதான் எழுதுவாய்.

உருவங்களின் மேல் போர்த்தும் படத்தை நான் 'தோல்' என்று எழுதியிருந்தேன். நீ அடித்துவிட்டு 'மேனி' என்று போட்டாய்.

"தோல்னா லாரில வர்றதுடா. மனுஷனுக்குப் போய் அத எழுதுவியா?"

அதில் இருந்த மேனிகள் எல்லாமே வெள்ளை. "இன்னாடா, இந்த ஒலகத்துலயும் நம்ம நெறத்துக்கு எடம் இல்லயா?" என்று சிரித்தாய். சிரித்துக்கொண்டே சட்டைக் கையைச் சுருட்டி, ஸ்கேனர் கண்ணாடிமேல் முன்கையை வைத்தாய். சுண்ணாம்பு தின்ற குழிகள், வெளுத்த தழும்புகள், எல்லாம் திரையில் வந்தன. நீ போன பிறகு, அந்தப் படத்தை மேனியாக்கும்போது ஒவ்வொன்றாகத் துடைத்தேன். அதே கோப்பின்மேல் சேமித்தேன்; அசல் படம் அதோடு அழிந்தது. முதலாளிகளை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்த நான்தான் அதைச் செய்தேன்.

அடுத்த வாரம் பார்த்தாய்.

"என் கை எங்கடா?"

"பாக்க நல்லா இல்ல, அதான்."

"நல்லா இல்லன்னா கம்பெனியப் போய்க் கேளு. என்ன ஏன்டா தொடைக்கிற?"

மறுபடி ஸ்கேன் செய்யலாம் என்றேன். அப்புறம் பார்க்கலாம் என்றாய்.

அந்த வாரமே உன்னைக் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறக்கினார்கள். விஷவாயு. "அவன் எங்க ஆளே இல்ல, அன்னிக்கு மட்டும் வந்தவன்" என்றது நிர்வாகம். ஆறு வருடம் சுண்ணாம்பில் நின்றவனின் பெயர் ஒரு பதிவேட்டிலும் இல்லை. உடம்பையும் அவசர அவசரமாக அடக்கம் செய்யவைத்தார்கள்.

உன் அம்மா என்னைத் தேடி வந்தார்.

"கம்ப்யூட்டர்ல அவன் கைய புடிச்சு வெச்சிருக்கியாமேப்பா. அந்தத் தழும்பக் காட்டினா அங்க வேல செஞ்சவன்னு ஒத்துக்குவாங்கன்னு யூனியன்காரர் சொல்றாரு. குடுப்பா."

இருந்ததை அச்செடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என் புள்ள கை இல்லப்பா."

"மெஷின்ல அப்படித்தாம்மா வரும்," என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார். நஷ்டஈட்டு வழக்கு நிற்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் உலகத்தில் இன்று எந்தெந்த நாட்டிலோ இருந்து யார் யாரோ உன் மேனியைப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். பெருமைப்பட்டுக்கொள்ளலாம்தான். துடைத்தது மெஷின் இல்லை, நான் என்று சொல்லிவிட இரண்டு முறை ஆம்பூருக்கு பஸ் ஏறினேன். இரண்டு முறையும் உன் அம்மா போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.