நான் ஏறாத வண்டி

செவ்வாய் இரவு, வின்டர்தூர், சுவிஸ்

நித்திரை வரேல்லை. இண்டைக்கு எங்கடை புது ரோலர் கோஸ்டர் வண்டியின்ரை முதல் ஓட்டம். இறக்கத்திலை இருக்கைகள் திடீரெண்டு பின்பக்கம் திரும்பி வயித்தைக் கலக்கும். அந்தத் திருப்பத்தை வடிவமைச்சது நான். எந்தப் புது வண்டியிலையும் முதல் ஏறுறதும் நான்தான். இண்டைக்குக் கழுத்து நோகுது எண்டு சொல்லி விலத்திட்டன்.

பொறுப்பாளர் மார்ட்டின் நம்பேல்லை. "உமக்குக் கழுத்து நோகேல்லை. வண்டியிலை என்ன பிழையைக் கண்டனீர்?" எண்டு கேட்டார்.

"ஒரு பிழையும் இல்லை" எண்டன்.

அவர் ஓட்டத்தை நிப்பாட்டி, வண்டியை முழுசாக் கழட்டிப் பார்க்கச் சொல்லிப்போட்டார். பாவங்கள், என்ரை ஆக்கள் இப்பவும் பட்டறையிலை நிண்டு இல்லாத பிழையைத் தேடுகினம்.

வயித்திலை பிள்ளை எண்டு அந்த இடத்திலை எப்பிடிச் சொல்லுறது? என்ரை மனுசனுக்கே இன்னும் சொல்லேல்லை. போனமுறை சொல்லிச் சந்தோசப்பட்ட கையோடை எல்லாம் முடிஞ்சுபோச்சு. அந்த மனுசன் குளியலறைக்குள்ளை தண்ணியைத் திறந்துவிட்டிட்டு அழுதவர்.

மார்ட்டினுக்கு உண்மையை எழுதிப்போட்டு, அனுப்பாமல் போனை வைச்சுக்கொண்டிருக்கிறன். இவருக்குச் சொல்லமுதல் அவருக்குச் சொல்லுறதோ? அது சரியில்லை.

"இன்னும் படுக்கேல்லையோ?" அறைக்குள்ளை இருந்து இவர் கேக்கிறார்.

"வாறன். உங்களோடை ஒண்டு கதைக்கவேணும்" எண்டு சொல்லிப்போட்டன்.

எழும்பி லைற்றைப் போட்டிட்டார்.