கிராஃபுக்குள் விட்ட கொசு

செவ்வாய், இரவு

கோச்சடைவாழ் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: இன்று மதியம் லேபில் அடியேன், வகுப்புத் தோழன் யூசுப்பின் கிராஃபுக்குள் ஒரு கொசுவை விட்டேன்.

அவன் பஸ்ஸில் போனை வைத்து பஸ்ஸின் வேகத்தைப் பதிவு செய்திருந்தான். ஃபூரியர் முறையில் அதை அலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதன் அதிர்வெண்ணால் பெருக்கித் திரும்பச் சேர்த்தால், வேகம் மாறும் விகிதம் கிடைத்துவிடும். நான் கண்ணுக்கே தெரியாத ஒரு பொடி அலையைப் பதிவில் கலந்தேன். அதுதான் கொசு: பொடிதான், ஆனால் படுவேகமாகத் துடிக்கும். அந்தப் பெரிய அதிர்வெண்ணால் பெருக்கியதும் அது ஊதிப்போய், கிராஃப் முள்ளம்பன்றியாகிவிட்டது.

யூசுப்பின் முகம் வெளுத்தது.

"நாளைக்கு வைவா பரீட்சை மாப்ள. என் புரோகிராம்தான் தப்பு. எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லருந்து எழுதப்போறேன்."

"அம்புட்டு எதுக்குடா? நான் சரிபண்ணித் தாரேன்" என்றேன், பெரிய விஞ்ஞானி மாதிரி.

"ராத்திரி சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் பாப்பேன். அப்புறம் அழிச்சுருவேன்."

இந்நேரம் சாப்பிட்டிருப்பான். நானோ கொசு கலந்ததை மூலப் பதிவின் மேலேயே சேமித்துத் தொலைத்திருக்கிறேன். என்ன செய்தாலும் கொசு போகமாட்டேன் என்கிறது.

உண்மையை எழுதிவிடுகிறேன். எனக்குக் கொசுவை விடத்தான் தெரியும், பிடிக்கத் தெரியாது. அதை வடிகட்டத் தெரிந்த ஒரே ஆள் யூசுப்தான். அவனுக்கே போன் போட்டுவிட்டேன். ரிங் போய்க்கொண்டே இருக்கிறது.