லிதுவேனியாவில் இருக்கிறேன்

பிப்ரவரி 6, 2025. வியாழன்

காலை பதினொரு மணிக்கு நைனாவுக்கு வாட்ஸப்பில் போன் செய்தேன். லிதுவேனியாவில் அப்போது ஏழரை. எழுந்து குளித்துவிட்டு யுனிவர்சிட்டிக்குக் கிளம்புகிற நேரம். அப்படித்தான் சொன்னேன்.

"சாப்டியாடா?"

"பிரெட்டு சாப்ட்டேன் நைனா."

அவர் குரல் முதலில் கீழே தெருவிலிருந்து வந்தது. ஒரு நொடி கழித்துப் போனில் வந்தது. ஜன்னலுக்கு நேர் கீழே ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு. மூன்றாவது வண்டி அவருடையது. பின்சீட்டில் கூடையோடு இருந்த பெண்ணிடம், "பையன் பேசறான், பாரின்லேர்ந்து" என்றார். அதையும் இரண்டு முறை கேட்டேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, லாட்ஜின் இரண்டாம் மாடியில் இது நாலாவது நாள். வீடு இங்கிருந்து பதினோரு கிலோமீட்டர்.

பிப்ரவரி 8

எழுதி வைத்தால் கொஞ்சம் தெளியுமா என்று பார்க்கிறேன்.

லிதுவேனியாவுக்குப் படிக்கப் போய் இது இரண்டாம் வருஷம். கோடையில் மூன்று பேப்பர் போயிற்று. மறுபடி எழுதினேன், மறுபடியும் போயிற்று. அக்டோபரிலிருந்து வகுப்புக்கே போகவில்லை. நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். ஹாஸ்டலில் ஒரு வாரம் யாரும் என் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை என்பது ஒரு நாள் உறைத்தது. டிசம்பரில் மெயில் வந்தது: பெயர் நீக்கப்பட்டுவிட்டது. பெயர் இல்லையென்றால் தங்கவும் அனுமதி இல்லை.

ஓட்டலில் பாத்திரம் கழுவிச் சேர்த்ததில் டிக்கெட் எடுத்தேன். நேராக வீட்டுக்குப் போவதாகத்தான் இருந்தேன். செஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நைனா வண்டி நிற்கிறது. பின்பக்கம் புதிதாகச் சிவப்பில் எழுதியிருக்கிறார் – லிதுவேனியா. அவரே பனியனோடு குனிந்து ஈரத்துணியால் அந்த எழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று லாட்ஜுக்குள் ஏறினேன்.

பிப்ரவரி 11

அறைக்குள்ளேயே இருந்தால் பைத்தியம் பிடிக்கும். மாஸ்க், தொப்பி போட்டுக்கொண்டு கோட்டைக்குப் போனேன். கல்யாண மகால் பக்கம் ஆளே இல்லை. மாஸ்க்கை இறக்கித் தண்ணீர் குடித்தேன். நிமிர்ந்தால், இருபதடி தள்ளி ஆண்டாளக்கா. எங்கள் காலனிதான், எதிர்வீடு. கோட்டையில் புல் வெட்டுகிற வேலைக்கு வருகிறாள் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது.

கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. கையில் அரிவாளோடு என்னைப் பார்த்தபடியே பின்னால் நடந்தாள். தூண் மறைத்ததும் ஓடுகிற சத்தம் கேட்டது.

ஏன் ஓட வேண்டும்?

பிப்ரவரி 12

அம்மா கூப்பிட்டாள்.

"ஒடம்பு நல்லாருக்குதா உனக்கு? நெசமா சொல்லு."

"நல்லாருக்கேன்மா. இன்னா ஆச்சு?"

"ஆண்டாளு உன்னக் கோட்டையில பாத்தாளாம். அப்டியே உன் உருவமாம், ஆனா எளச்சிப் போயி, கண்ணு உள்ள போயி. தூரதேசத்துல இருக்கறவன் உருவம் இங்க தெரிஞ்சா நல்லதுக்கில்லன்னு சொல்றாங்கடா. மூஞ்சியக் காட்டு."

ஃபேனை நிறுத்தினேன். பையிலிருந்து குளிர் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். வெள்ளைச் சுவரில் சாய்ந்து வீடியோவைப் போட்டேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏன்டா இப்டி வேர்க்குது உனக்கு?"

"ஹீட்டர்மா."

நம்பிவிட்டாள். அதுதான் தாங்கவில்லை.

பிப்ரவரி 17

மறுபடியும் பார்த்திருக்கிறார்களாம், அம்மா போனில் சொன்னாள். இந்த முறை அவலூர்பேட்டைக் கடைத்தெருவில். பார்த்தது என்னோடு பத்தாவது வரை படித்த அன்புச்செல்வன். "இளவழகா"ன்னு கூப்பிட்டானாம். திரும்பிப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டதாம்.

ஆனால் நான் அவலூர்பேட்டைக்குப் போகவில்லை. மூன்று நாளாகக் காய்ச்சல். கீழே டீக்கடைக்குக்கூட இறங்கவில்லை.

"இன்னா சட்ட போட்டிருந்தானாம்மா?" என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

"நீலத்துல கோடு போட்டதாம். உன்கிட்ட இருக்குதே, அந்த மாதிரி."

அது ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. நேற்று நான் துவைத்ததாக நினைவில்லை.

பிப்ரவரி 18

சட்டையை மடித்துப் பைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 21

தங்கச்சி தமிழினி மெசேஜ் போட்டாள். பிறகு அவளே கூப்பிட்டாள்.

"அண்ணா, நேத்து மத்தியானம் நான் தனியா இருந்தேன். பின்பக்கம் குடத்துல மொண்டு குடிக்கற சத்தம். போயிப் பாத்தா, வேலியத் தாண்டிப் போயிட்டிருக்குது. முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. நடை உன்னுதுதான்."

"வேற யாராச்சும் இருப்பாங்க."

"எனக்கு உன் நடை தெரியாதா?"

நேற்று மத்தியானம் நான் எங்கே இருந்தேன்? படுத்திருந்தேன். மாத்திரை போட்டுத் தூங்கினேன். எழுந்தபோது நாலரை. தூங்கினேன் என்பதற்கு என்ன சாட்சி?

கீழே போய் லாட்ஜைப் பார்த்துக்கொள்ளும் கன்னியப்பனிடம் கேட்டேன். திண்டிவனத்துக்காரர், இங்கே யாரையும் தெரியாது, அதனால்தான் இத்தனை நாள் தப்பித்தேன்.

"அண்ணே, நேத்து மத்தியானம் நான் வெளிய போனேனா?"

பேப்பரிலிருந்து தலையை எடுத்தார். "இன்னா தம்பி, என்னக் கேக்கற?"

"மறந்துட்டேன்."

"நான் பாக்கல. சாப்புடப் போயிருந்தேன்." பேப்பரை மடித்தார். "ஊட்டுக்குப் போ தம்பி. ஊடுன்னு ஒன்னு இருக்குதுல்ல?"

செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். மண் இருந்தது. எந்த ஊர் மண் என்று யாரால் சொல்ல முடியும்?

பிப்ரவரி 24

வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருக்கிறாளாம் அம்மா. மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, பரீட்சை முடிகிற வரைக்கும் ஒரு வேளைதான் சாப்பாடு. என் பரீட்சை. நான் எழுதப் போகாத பரீட்சை.

"அது இன்னாவா இருந்தாலும் சரி, இந்த ஊட்டு வாசப்படி ஏறக் கூடாது. நீ அங்க நல்லாருக்கணும். அதான் எனக்கு வேணும்."

அம்மா என்னைக் காப்பாற்ற என்னையே விரட்டிக்கொண்டிருக்கிறாள்.

சாயங்காலம் நைனாவும் கூப்பிட்டார். இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை அவர். மழை, படிப்பு, குளிர் என்று எதையோ பேசிவிட்டு, "நீ அங்கதான இருக்கற?" என்றார்.

"ஆமா நைனா."

"சரி."

ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். மூன்று பேர் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அவர் நகரவில்லை.

பிப்ரவரி 27

அம்மா மயங்கி விழுந்துவிட்டாள். நடவுக்குப் போன இடத்தில், வரப்பிலேயே. குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். அப்பவும் சாப்பிட மாட்டேன்கிறாளாம்.

போதும். நாளைக்குப் போகிறேன்.

மார்ச் 1, சனி

நேற்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கன்னியப்பனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அவலூர்பேட்டை பஸ்ஸில் ஏறினேன். மாஸ்க் போடவில்லை. காலனிக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டரை. எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். நாய்கூட எழுந்திருக்கவில்லை. பாதை முழுக்க என் காலடி மட்டும் கேட்டது.

அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். முறத்தை மெல்லக் கீழே வைத்தாள். என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் எழுந்து, பின்னாலேயே நடந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

பிறகு என் பாக்கெட்டில் போன் அடித்தது.

அம்மா.

எடுத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே ரகசியமாகப் பேசினாள். "இளவா, வாசல்ல வந்து நிக்குதுடா. நீ எங்க இருக்கற? அங்கதான இருக்கற?"

என் போன் அடித்தது அவளுக்குக் கேட்டிருக்கும். கதவு அவ்வளவு மெல்லியது. ஆனாலும் கேட்டாள்.

"வாசல்லதாம்மா நிக்கறேன்."

"அங்க மணி இன்னா இப்ப?"

"அம்மா…"

"மணி சொல்லுடா. அங்க காலைல தான? குளுருதா அங்க?"

"பெயிலாயிட்டேம்மா. பேர எடுத்துட்டாங்க. வந்து இருவத்தாறு நாளாச்சு. நாந்தாம்மா. தொறம்மா."

போனை வைக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்வது கேட்டது. நானும் இந்தப் பக்கம் படியில் உட்கார்ந்தேன். மேலே கயிற்றில் எலுமிச்சம்பழம் தொங்கிக்கொண்டிருந்தது. தாண்டினால் என்ன ஆகும் என்று எனக்கே பயமாக இருந்தது. வேடிக்கையாக எழுதவில்லை. நிஜமாகவே பயந்தேன்.

மூன்று மணிக்கு நைனா சாப்பிட வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமலே பார்த்தார்.

"எத்தினி நாளா?"

"இருவத்தாறு நாளா நைனா."

"எங்க இருந்த?"

"உன் ஸ்டாண்டுக்கு எதிர்ல. லாட்ஜுல."

ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அடித்திருக்கலாம். பிறகு இறங்கி வந்து கதவைத் தட்டினார். "பவுனு, தொற. நம்ம பையன்தான். நான் சொல்றேன்ல, தொற."

மார்ச் 4

அம்மா இன்னும் என்னைத் தொடவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்கிறாள். நான் சாப்பிடுவதைப் பார்க்கிறாள். நடந்தால் காலைப் பார்க்கிறாள்.

ஆண்டாளக்கா வந்து கேட்டபோது, "அங்கதான் இருக்கறான், நேத்துகூடப் பேசினான்" என்றாள் அம்மா. நான் உள்ளறையில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன்.

மார்ச் 7

தமிழினியிடம் சொல்லிவிட்டேன். கோட்டையில் ஆண்டாளக்கா பார்த்தது நான்தான். அவலூர்பேட்டையும், குடத்துத் தண்ணியும் நான் இல்லை.

"அப்ப அது யாரு?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த நைனா கையை நிறுத்தினார். "வுடு" என்றார்.

மார்ச் 11

மத்தியானம் நான் உள்ளறையில் உட்கார்ந்திருக்க, வெளியே அம்மா போனை எடுத்து நம்பரை அழுத்துவது தெரிந்தது. சார்ஜில் கிடந்த என் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. எடுத்தால் யாராகப் பேசுவது? அடித்து முடிகிற வரை காதில் வைத்திருந்தாள். பிறகு, "கிளாஸ்ல இருப்பான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து போனாள்.

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

ரேஷன் கடையில் கார்டில் இருக்கும் எல்லாரும் கைரேகை வைக்க வேண்டுமாம். காலையில் நைனாவும் தமிழினியும் வைத்துவிட்டு வந்தார்கள். பிறகு அம்மா போனாள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாள். உள்ளறை வாசலில் நின்றாள்.

"வெளிநாட்லயே இருக்கறவன்னா கார்டுல பேர எடுத்துரலாமான்னு கேட்டாரு ரேஷன்கட விநாயகம்."

"நீ இன்னா சொன்ன?"

"சட்டயப் போடு. வா" என்றாள்.

காலனி பூராவும் வரிசையில் நின்றது. அம்மா முன்னால் நடந்தாள், நான் பின்னால். பேச்சு அப்படியே நின்றுபோயிற்று. ஆண்டாளக்கா பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். யாரோ வழி விட்டார்கள், எங்களுக்கு முன்னால் இடம் காலியாகிக்கொண்டே போனது.

விநாயகம் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மெஷினை நகர்த்தினார். கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. பொருந்தவில்லை என்றது. மறுபடி வைத்தேன். மறுபடியும் சிவப்பு. ஒருவேளை –

"வேர்வ. தொடச்சிட்டு வை" என்றார் விநாயகம்.

அம்மா சட்டென்று என் கையைப் பிடித்தாள். முந்தானையால் விரலை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். சின்ன வயதில் மூக்கைத் துடைப்பாளே, அந்த வேகம். அவளே கொண்டுபோய் மெஷினில் வைத்து, மேலே தன் விரலை வைத்து அமுக்கினாள்.

பச்சை.

"இளவழகன், த/பெ தங்கராசு. ஆயிடுச்சு, நகருங்க" என்றார்.

அம்மா நகரவில்லை. கையை விடவும் இல்லை. விரலிலிருந்து உள்ளங்கை, உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சூடாத்தான் இருக்குது" என்றாள் ஆண்டாளக்காவிடம்.