முடி பின்னால், முகமூடி முன்னால்

அனுப்புநர்:
தீயணைப்பு வீரர் (நிலையத்தில் ‘கொண்டை’ என்று கூப்பிடப்படுபவர்),
பழைய பாலத்தருகே உள்ள தீயணைப்பு நிலையம்.

பெறுநர்:
கோட்டத் தீயணைப்பு அலுவலர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: தாடியையும் கிருதாவையும் முறைப்படி எடுத்துவிட்ட நீள்முடிப் பணியாளருக்குச் சுவாச முகமூடி அணியும் அனுமதி மறுக்கப்பட்டது – நேரில் சோதித்துப் பார்த்து அனுமதி வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: முகமூடி அணிவோரின் முடி குறித்த தங்கள் சுற்றறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். இது புகார் மனுதான். ஆனால் ஆத்திரத்தில் எழுதவில்லை. பணியில் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு உற்சாகத்தோடு நான் எந்தத் தாளையும் கையில் எடுத்ததில்லை. கை வேகமாக ஓடுவதால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருளவும்.

2. என் தலைமுடி தோளுக்குக் கீழே இறங்கும். அதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. எனக்குப் பிடித்திருக்கிறது, என் மனைவிக்கும் பிடித்திருக்கிறது. இது போதாதென்றால் வேறொரு காரணத்தை ஜோடித்துச் சொல்லும் திறமை எனக்கில்லை.

3. தங்கள் சுற்றறிக்கையின் முதல் பாதி முற்றிலும் நியாயமானது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். முகத்தில் முடி இருந்தால் முகமூடி அணியக்கூடாது. முன்பு எனக்கு மார்பைத் தொடும் தாடியும், அதோடு சேர்ந்து காதோரம் அடர்ந்து இறங்கும் கிருதாவும் இருந்தன. பயிற்சியின்போது புகை அறைக்குள் போன கொஞ்ச நேரத்திலேயே முகமூடிக்குள் புகை கசிந்தது. இருமி இருமிக் கண்ணில் பூச்சி பறந்தது. நிலைய அலுவலர் என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். “உள்ள மாட்டிக்கிட்டவனக் காப்பாத்தப் போறியா, இல்ல அவனுக்குத் துணைக்குப் படுக்கப் போறியா” என்று கேட்டார்.

4. சுற்றறிக்கையின் இரண்டாம் பாதிதான் என் குறை. ஆண் பணியாளரின் தலைமுடி காதைத் தாண்டினாலும் முகமூடி கிடையாது என்கிறது அது. முகமூடியின் ரப்பர் விளிம்பு நெற்றியில் தொடங்கி, நெற்றிப்பொட்டு வழியாகக் காதுக்கு முன்னே இறங்கி, தாடைக்கு அடியில் போய்ச் சேர்கிறது. பிடரியில் தொங்கும் முடிக்கும் அந்த விளிம்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நீள்முடியை இழுத்துக் கட்டிவிடலாம். கட்டவும் முடியாமல் படியவும் செய்யாமல் ரப்பருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வது காதோரக் குட்டை முடிதான். ஓட்டை அங்கேதான் என்று கண்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

5. நிலைய அலுவலரின் அனுமதியோடு பயிற்சி முகமூடி ஒன்றை எடுத்துக்கொண்டு, வழக்கமாகப் போகும் சலூனுக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து அதை மாட்டிக்கொண்டதும் பெஞ்சில் காத்திருந்த இருவர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். “இது சலூனா, ஆபரேஷன் தியேட்டரா” என்றார் சலூன்காரர். விஷயத்தைச் சொன்னேன். அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. தாடியை முழுதாக எடுத்துவிட்டு, முகமூடியைத் திரும்ப மாட்டச் சொல்லி, புருவம் தீட்டும் பென்சிலால் ரப்பர் விளிம்பைச் சுற்றி என் முகத்தில் கோடு போட்டார். கோட்டுக்கு ஒரு விரல் வெளியே வரை சுத்தமாக மழித்தார். அதில் ஒரு சங்கடம் வந்தது. கிருதா மொட்டையாக நின்று, அதன்மேல் நீள்முடி விழுந்தபோது, “விக்கு வாங்கி மாட்டினவர் மாதிரி இருக்கீங்க, இப்படி அனுப்பினா என் கடைப் பேரு கெட்டுரும்” என்று அவரே சொன்னார். ட்ரிம்மரை எடுத்து, காதுக்கு மேலே முடியைப் படிப்படியாக ஒட்டக் குறைத்துக்கொண்டு வந்து கோட்டில் முடித்தார். மீசையை உதட்டு ஓரத்தோடு நிறுத்தினார். அது முகமூடிக்குள் அடங்கும் மீசை. விளிம்பைத் தொடாது. கண்ணாடியில் பார்த்தபோது என் மூஞ்சியை எனக்கே பிடித்துப் போயிற்று.

6. வீட்டில் நடந்ததும் இவ்வழக்கில் சாட்சியம் என்பதால் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்குத் தாடி உண்டு. என் மனைவி என் முகவாயைப் பார்த்ததே இல்லை. முடியைத் தொப்பிக்குள் செருகியிருந்தேன். கதவைத் திறந்தவள், “அவரு டியூட்டிக்குப் போயிருக்காரு, சாயங்காலமா வாங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். நான் தொப்பியைக் கழற்றி ஜன்னல் பக்கம் போய் நின்றேன். வெகுநேரம் சிரித்தாள். பிறகு என் தாடையைத் தொட்டுப் பார்த்து, “இதையா இத்தன வருஷமா ஒளிச்சு வச்சிருந்தீங்க” என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பணி நாள் காலையிலும் நான் மழித்து முடித்ததும் விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் திரும்பவும் கண்ணாடி முன் அனுப்புகிறாள். தங்கள் அலுவலகத்தில் இதைவிடக் கண்டிப்பான ஆய்வாளர் இருக்க வாய்ப்பில்லை.

7. தலைமுடிக்கு வழி சொன்னவர் எங்கள் நிலையத்துப் பெண் தீயணைப்பு வீரர். நாங்கள் ‘தங்கச்சி’ என்று அழைப்போம். அவர் முடி என் முடியைவிட ஒரு சாண் நீளம். “கொண்டையக் கீழ எறக்குங்கண்ணே. உச்சியில இருந்தா முகமூடி வாரு வழுக்கும். பின்னிக் காலருக்குள்ள விடுங்க, மேல தலையுறையப் போடுங்க” என்றார். அப்படியே செய்தேன். பட்டப்பெயருக்கு இப்போது பொருளில்லை. அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

8. மீண்டும் புகை அறைக்குள் போனேன். காற்றுக் குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்தி மூச்சை இழுத்தபோது முகமூடி கன்னத்தைக் கவ்விப் பிடித்தது. குனிந்தேன், தவழ்ந்தேன், தலையை இரு பக்கமும் ஆட்டினேன். ஒரு பொட்டுப் புகை உள்ளே வரவில்லை. வெளியே வந்து முற்றத்தில் நான் குதித்த குதியில் லாரி கழுவிக்கொண்டிருந்த ஓட்டுநர் குழாயை என் பக்கம் திருப்பிவிட்டார். தொப்பலாக நனைந்தேன். அன்றே அனுமதி கேட்டு எழுதினோம். “முடி வெட்டிய பின் விண்ணப்பிக்கவும்” என்று பதில் வந்தது. தொலைபேசியில் கேட்டபோது தங்கள் அலுவலக உதவியாளர், “மொகம் சரிங்க, முடி ஆம்பளை முடியாச்சே” என்றார். தங்கச்சியின் முடி பொம்பளை முடி, ஆகவே அவருக்கு அனுமதி உண்டு. புகைக்கு இந்த வித்தியாசம் தெரியுமா என்று பணிவோடு கேட்கிறேன்.

9. போன வாரம் அச்சகத்தில் தீப்பிடித்ததைத் தாங்கள் அறிவீர்கள். புகைக்குள் இருவராகத்தான் போக வேண்டும் என்பது விதி. எங்கள் நிலையத்தில் முகமூடி அனுமதி உள்ள இருவரில் ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார். வாசலில் தங்கச்சி மட்டும் தயாராக நின்றார். பக்கத்தில் நான் நின்றேன், கையில் தண்ணீர்க் குழாயோடு. அடுத்த நிலையத்து வண்டி வரும் வரை காத்திருந்தோம். எங்கள் ஏணி எட்டாத மாடி ஜன்னலில் புத்தகம் தைக்கும் தொழிலாளி ஒருவர் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கத்தவில்லை. எங்களைப் பார்த்தாயிற்று, இனிப் பயமில்லை என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. அடுத்த நிலையத்து நீள ஏணியை வைத்து இறக்கியபோது அவருக்கு நினைவில்லை. இப்போதும் மருத்துவமனையில் இருக்கிறார். மூச்சு சீராக இன்னும் காலமாகும் என்கிறார்கள். அந்த ஜன்னலை நான் கண்ணை மூடினாலும் பார்க்கிறேன், ஐயா.

10. ஆகவே தாங்கள் ஒருமுறை எங்கள் நிலையத்துக்கு நேரில் வந்து, தங்கள் கண்முன்னே என்னைப் புகை அறைக்குள் அனுப்பிச் சோதித்து, ஒரு துளி கசிந்தாலும் அங்கேயே

11. மேற்கண்ட வரி பாதியில் நிற்பதற்கு மன்னிக்கவும். மணி அடித்தது. இப்போதுதான் திரும்பி வந்தேன். இன்னும் முகம் கழுவவில்லை. நடந்ததைத் தங்களிடம் மறைப்பது முறையல்ல என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

12. தையல் கூடம் ஒன்றில், தரைக்குக் கீழே உள்ள தளத்தில் இஸ்திரி இயந்திரம் பற்றிக்கொண்டிருந்தது. துணி மூட்டைகளிலிருந்து புகை கருங்குழம்பாக மேலேறிக்கொண்டிருந்தது. வெட்டு மேசைப் பக்கம் இரண்டு பெண்கள் மாட்டியிருப்பதாக மேலாளர் அழுதுகொண்டே சொன்னார். காய்ச்சல்காரர் இன்னும் பணிக்குத் திரும்பவில்லை. தங்கச்சி முகமூடியை மாட்டியாயிற்று. நான் வழக்கம்போலத் தண்ணீர்க் குழாயை எடுத்தேன். நிலைய அலுவலர் என்னைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார். வண்டியிலிருந்த உபரி முகமூடியை எடுத்து என் நெஞ்சில் வைத்து அழுத்தினார். “சார், சுற்றறிக்கை” என்றேன். “அதுக்குப் பதில் சொல்ல நான் இருக்கேன். நீ போடு” என்றார்.

13. போட்டேன். பொத்தி இழுத்துப் பார்த்தேன். கவ்விப் பிடித்தது. இறங்கினோம். உள்ளே என் கையே எனக்குத் தெரியவில்லை. தங்கச்சி சுவரைத் தொட்டுக்கொண்டு முன்னே போனார், நான் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். மேசைக்கு அடியில் என் கை முதலில் ஒரு செருப்பைத் தொட்டது, பிறகு ஒரு கணுக்காலை. அந்தக் கால் அசைந்தது. ஐயா, அந்த அசைவைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. ஆளுக்கொருவராகத் தூக்கிக்கொண்டு ஏறினோம். ஏறும்போது நான் இழுத்த ஒவ்வொரு மூச்சும் சுத்தமான காற்று.

14. இரண்டு பெண்களும் பிழைத்துவிட்டார்கள். வெளியே நடைபாதையில் உட்கார்ந்து, நானும் தங்கச்சியும் முகமூடியையும் தலையுறையையும் கழற்றினோம். பின்னல்கள் இரண்டும் அவிழ்ந்து விழுந்தன. நான் தூக்கி வந்த அம்மா, புகையில் எரிந்து கலங்கிய கண்ணுக்கு இரண்டு பின்னல் மட்டும் தெரிய, இருமலுக்கு நடுவே என் கையைப் பிடித்துக்கொண்டு, “ரெண்டு பொம்பளைங்களா வந்து எங்களத் தூக்குனீங்க, நல்லா இருப்பீங்கக்கா” என்றார். தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த நேரத்தில் அந்த அம்மா என்னை எந்த முறை வைத்துக் கூப்பிட்டிருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

15. சுற்றறிக்கையை மீறியது உண்மை. விளக்கம் கேட்டால் தருகிறேன், தண்டனை என்றால் ஏற்கிறேன். நிலைய அலுவலரைத் தண்டிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கூடவே, சுற்றறிக்கையில் ‘ஆண் பணியாளரின் தலைமுடி’ என்று வரும் வரியை நீக்கி, ‘முகமூடி விளிம்பு படும் இடத்தில் யாருக்கும் எந்த முடியும் இருக்கக்கூடாது’ என்று மட்டும் வைக்கும்படி மன்றாடுகிறேன். மற்ற நிலையங்களிலும் முடி வளர்த்த ஆண்கள் இருக்கிறார்கள். கிருதாவை எங்கே நிறுத்துவது என்று கேட்டு வருபவர்களுக்குக் கோடு போட்டுக்கொடுக்க எங்கள் சலூன்காரர் சம்மதித்திருக்கிறார். காசு வேண்டாமாம்.

தங்கள் வருகையை எதிர்பார்த்து, உடம்பெல்லாம் கரியும் மனமெல்லாம் மகிழ்ச்சியுமாக,

இடம்: நிலையத்தின் உடைமாற்றும் அறை
நாள்: செவ்வாய்க்கிழமை, மாலை

(ஒப்பம்)
தீயணைப்பு வீரர்

நிலைய அலுவலரின் குறிப்பு:
மனுவைப் படித்தேன். பத்தி 12, 13 உண்மை. உத்தரவு என்னுடையது. பத்தி 15-இல் என்னைத் தண்டிக்க வேண்டாம் என்று இவர் கேட்டிருப்பதை நான் ஏற்கவில்லை. விசாரணை என்றால் என்னையே முதலில் அழைக்கவும். வரும்போது அந்த இரண்டு பெண்களையும் அழைத்து வருகிறேன். அவர்களும் ஏதோ சொல்ல வேண்டுமாம்.

(ஒப்பம்)
நிலைய அலுவலர்